ஓதற்பிரிவும் நால்வகைக் கொடையும்



பிரிவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் உள்ளத்தில் பாலைத் திணையே தோன்றும். வெயில் காயும் வழி, நீர் வற்றிய சுனை, நாள் எண்ணிச் சுவரில் கோடிடும் தலைவி எனச் சங்கப் புலவர்கள் தீட்டிய காட்சிகள் அவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளன. ஆயினும் தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணத் தொடங்கும்பொழுது முதலில் வைப்பது ஓதலையே. பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. அடுத்த நூற்பாவிலேயே ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்று அவர் வரையறை செய்கின்றார். அவ்வுயர்ந்தோர் யாவர் என்பதை உரையாசிரியர்கள் பலவாறு விளக்குவர். எவ்வாறு பொருள் கொள்ளினும், கல்வியின் பொருட்டு ஊரைவிட்டுச் செல்லுதல் எல்லார்க்கும் உரியதன்று என்பது அந்நூற்பாவால் பெறப்படும். கற்பியலில், கல்விக்காகப் பிரியும் காலம் மூன்றாண்டைக் கடவாது என்றும் எல்லை கூறுகின்றார். தமிழகக் கலைக் கல்லூரிகளின் இளங்கலைப் படிப்பும் மூன்றாண்டே என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

சங்கப் பாடல்களைப் புரட்டுவோர் ஒன்றை உணர்வர். பொருள்வயிற் பிரிவைப் பாடிய பாடல்கள் ஏராளம். ஓதற்பிரிவைப் பாடியனவோ அரிதினும் அரியன. இலக்கணம் முதலிடம் தந்த பிரிவுக்கு இலக்கியம் ஓரத்தில்கூட இடம் தரவில்லை என்னும் அளவுக்கு அவை குறைவு. மேலும், பிரிந்து செல்பவன் எப்பொழுதும் தலைவனே. பெற்றோர் வீட்டைவிட்டு இளம்பெண் தானே எடுத்து வைக்கும் அடி உடன்போக்கு ஒன்றுதான். கற்பதற்காக அவள் செல்வதை மரபு எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று அந்த நூற்பாவின் வேலி உடைந்துவிட்டது. உயர்ந்தோர்க்கு மட்டும் உரியதாயிருந்த ஓதற்பிரிவு, குடிசை வீட்டுப் பிள்ளைக்கும் உரியதாயிற்று. தலைவியே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுகின்றாள். இம்மாற்றத்தை ஒரு சிற்றூரின் வாசலில் நின்று காண்பதே இவ்வுரையின் நோக்கம். அவ்வூர் மேல்சித்தாமூர்.

1. ஊரும் அறமும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் உள்ளது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் இவ்வூரில் விளங்குகின்றது. இலக்குமிசேனர் என்னும் பட்டப்பெயர் தாங்கிய பட்டாரகர்கள் வழிவழியாக அதன் தலைமை ஏற்று வருகின்றனர். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் வயல்வெளிக்கு அப்பாலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். மலைநாதர் கோயிலில் ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் தருமதேவியும் புடைப்புருவங்களாக நிற்கின்றனர்.

செஞ்சி என்றால் உலகம் கோட்டையை நினைக்கும். 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அத்தொகுதியின் 12 கோட்டைகளுள் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. கோட்டையின் பெருமை எல்லார்க்கும் தெரிந்தது. அதே மண்ணில் கோட்டைக்கும் முற்பட்டு வேரூன்றிய மற்றொரு மரபு உண்டு. அது பள்ளி. சமண முனிவர் உறையும் இடத்துக்கு வழங்கிய இச்சொல்லே கல்விக்கூடத்தின் பெயராக நிலைபெற்றது என்பர். பள்ளிக்கென அரசர்கள் விட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனக் கல்வெட்டுகளில் வழங்கும். கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் சோற்றுக் கவலை இருத்தலாகாது என்னும் எண்ணத்தின் நிலவடிவம் அது எனலாம்.

சமண அறம் இல்லறத்தார்க்கு நால்வகைத் தானத்தை விதிக்கின்றது. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்பன அவை. வடமொழியில் ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என்பர். இவை துறவியரை நோக்கி வகுக்கப்பெற்றவை. எனினும், ஊரைவிட்டுக் கல்லூரிக்குச் செல்லும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஒருவர் பட்டியல் எழுதினால், அப்பட்டியலும் இந்நான்கில் அடங்கிவிடும் என்பது வியப்புக்குரியது.

2. ஏட்டின் கடைசிப் பக்கம்

மேல்சித்தாமூரிலோ அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்த ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலா. இந்நாட்டார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையே அது. அவளுடைய கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பாடக்குறிப்பு இராது. வேறு சில கேள்விகள் இருக்கும். எந்தப் பாடம் எடுப்பது? திண்டிவனத்துத் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கோ விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ நாள்தோறும் பேருந்தில் போய்வருவதா? புதுச்சேரியா, சென்னையா? சென்னையாயின் எங்கே தங்குவது? படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? அதற்குள் தம்பி பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுவானே, அவன் செலவு என்னாகும்?

இக்கேள்விகளைப் பெரியோர் சிலர் இளமைக் கனவு என்று கூறி நகைத்துவிடுவர். அவ்வேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டமாகவே தோன்றும். ஓர் அமைச்சர் செய்யும் வேலையை அவள் தூங்கும் நேரத்தைத் திருடிக்கொண்டு செய்கின்றாள்.

அரசு இவளை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகத் தொழிற்கல்வியில் சேர்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய பிற தொழிற்படிப்புகளில் அதே அளவு 2021இலும் சட்டமாயின. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிற்று. 2022 செப்டம்பரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று உயர்கல்வி சேரும் மாணவிக்குத் திங்கள்தோறும் ரூ.1,000 அவள் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வகை செய்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆண்டுக்கு ரூ.12,000 என்பது நகரத்தாருக்குச் சிறு தொகை. மணிலாக் காட்டை நம்பிய வீட்டிலோ, மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாவா என்னும் பேச்சில் அத்தொகை ஒரு பெரியவரைப் போல உட்கார்ந்து வழக்காடும்.

ஆயினும் கட்டணமும் உதவித்தொகையும் வாசலைத் திறக்கும். அதற்கப்பால் நடத்திச் செல்லா. ஓதற்பிரிவு நிறைவேறுவதும் முறிவதும் அந்நால்வகைக் கொடையில்தான். தமிழகம் நன்கறிந்த சிலரின் இளமையைப் பார்த்தால் இது விளங்கும்.

3. உணவுக் கொடை

1871ஆம் ஆண்டு. உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையரின் மகன் சாமிநாதனுக்கு அப்பொழுது பதினாறு வயது நிறைந்திருந்தது. இசை பயிலவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆங்கிலம் பயின்றால் இம்மைக்கு ஆகும், வடமொழி பயின்றால் மறுமைக்கு ஆகும், தமிழ் எதற்கு ஆகும் என்பது சுற்றத்தார் எண்ணம். எந்தப் பாடம் எடுப்பது, அதனால் என்ன வேலை கிடைக்கும் என்று இன்றைய வீடுகளில் எழும் வழக்கு அன்றும் எழுந்தது என்பது இதனால் விளங்கும். மகனோ தமிழில் உறுதியாக நின்றான். காரிகை கற்பித்த செங்கணம் விருத்தாசல ரெட்டியார், இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று வழிகாட்டினார். தந்தையும் மகனும் மாயூரம் சேர்ந்தனர்.

அங்கே நிகழ்ந்த உரையாடலை டாக்டர் உ.வே.சா. தம் வரலாற்றில் விரிவாகப் பதிந்துள்ளார். மாணவனின் புலமையைச் சோதித்த பின்னும் பிள்ளையவர்கள் தயங்கினார். வருவோர் சில காலம் கற்று இடையில் போய்விடுகின்றனர் என்பது ஒரு தயக்கம். மற்றொன்று, இப்பிள்ளையின் உணவுக்கு என்ன செய்வது என்பது. திருவாவடுதுறையிலோ பட்டீச்சுரத்திலோ தங்கும் காலத்தில் தாம் ஏற்பாடு செய்ய இயலும், மாயூரத்தில் அரிது என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். மாயூரத்தில் அப்பொறுப்பைத் தந்தையார் ஏற்றுக்கொண்ட பின்னரே பாடம் தொடங்கிற்று.

தமிழுக்குச் சங்க நூல்களை மீட்டுத் தந்த ஒருவரின் கல்வி வாசலில் எழுந்த கேள்வி இதுவே. பிள்ளையவர்கள் உலகியல் அறியாத புலவரல்லர். ஏடு விரிக்கும் முன் இலை விரிய வேண்டும் என்பதை அறிந்த ஆசிரியர்.

காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. இவ்வரிசை உலகமே வியந்து நோக்கத்தக்கது. ஆனால் அது பள்ளியோடு நின்றுவிடுகின்றது. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், விடியற்காலையில் கிளம்பிய பேருந்திலிருந்து இறங்கி வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் அமர்ந்திருக்கும் மாணவி, பாடம் புரியவில்லை என்றே எண்ணிக்கொள்வாள். தன் அறிவின்மேல் அவளுக்கு முதல் ஐயம் எழுவது அங்கேதான். பல சமயம் அவளுக்கு இல்லாதது அறிவன்று; காலை உணவு.

4. மருந்துக் கொடை

திட்டமிட்ட கல்வி முறிந்துபோன வரலாறும் உண்டு. கும்பகோணத்துச் சீனிவாச இராமானுசன் 1904இல் உதவித்தொகையுடன் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், நோய் கண்டு ஊர் திரும்பினார், எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பதினேழிலிருந்து இருபது வயதுக்குள் ஓர் இளைஞனுக்கு நேரக்கூடிய தோல்விகள் யாவும் அவருக்கு நேர்ந்தன.

அவர் உடல்நலிவுக்கு அறுவை மருத்துவம் இன்றியமையாததாயிற்று. வீட்டில் பணமில்லை. 1910 தொடக்கத்தில் ஒரு மருத்துவர் கட்டணம் பெறாமலே அதைச் செய்து முடித்தார். கணித உலகம் அம்மருத்துவருக்குப் பட்டிருக்கும் கடனை எவ்வெண்ணால் எழுதுவது?

உடல் தேறிய இராமானுசன் அவ்வாண்டே தம் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் சென்றார். செஞ்சியைப் போலவே அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த ஊர் அது. அங்கே துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர். ஏடுகளைப் பார்த்த அவர், அங்கேயே ஓர் எழுத்தர் வேலை கொடுத்து இவ்விளைஞரை முடக்கிவிட மனமில்லாமல், சென்னையிலுள்ள அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதி அனுப்பினார். அக்கடித வழியே இராமச்சந்திர ராவின் மாதம் 25 ரூபாய் உதவியும், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பள வேலையும், 1914இல் கேம்பிரிட்ஜும் பின்தொடர்ந்தன.

முதல் பருவத்தேர்வில் தவறிய ஒரு பிள்ளை விடுதி அறையில் படுத்துக் கிடக்கும்பொழுது, அவனுக்கு மருத்துவம் வேண்டுமா, ஆறுதல் வேண்டுமா, வேறு பாடம் வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் மருந்து உண்டு என்று இக்காலம் அறிந்துள்ளது. முறிந்த திட்டத்தை மீண்டும் எழுதலாம் என்று சொல்வதும் மருந்துக் கொடையே.

5. அடைக்கலக் கொடை

பாரதியார் 1898இல் தந்தையை இழந்தபொழுது அவருக்குப் பதினாறு வயதும் நிறையவில்லை. அவ்வாண்டே காசிக்குச் சென்று, அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் பயின்றார். எட்டயபுரத்துக் கவிஞனின் பார்வை இந்தியா அளவுக்கு விரிந்ததில் கங்கைக் கரைக்கு எவ்வளவு பங்கோ, அத்தை வீட்டுத் திண்ணைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நகரத்துக்குச் செல்லும் ஆண்பிள்ளைக்கு உறவினர் வீடு என்றும் திறந்தே இருந்தது.

பெண்ணின் நிலை வேறு. புதுக்கோட்டை முத்துலட்சுமி 1902இல் மெட்ரிகுலேசன் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் அவர் இடம் கேட்டபொழுது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையால் 1904இல் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார்.

அவர் வாழ்க்கையில் இவ்வுரைக்கு நெருங்கிய பகுதி அதன் பின்னர் வருவது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை ஏற்க நகரத்து விடுதிகள் மறுத்துவிட்டன. 1930இல் அவ்வை இல்லம் தோன்றிய வரலாறு இது. கல்லூரி வாசலைத் தாம் கடந்ததோடு அமையாமல், பின்வருவோர் படுத்துறங்க ஓர் இடத்தையும் அவர் கட்டினார். சகோதரி சுப்புலட்சுமியும் அவ்வாறே. 1911இல் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே இளங்கைம்பெண்கள் தங்கிப் படிக்க இல்லம் தொடங்கினார். பின்னர் அது சென்னைக் கடற்கரை ஐஸ்ஹவுஸில் நடைபெற்றது. இவ்விருவரும் பெண்கல்வியின் சூட்சுமத்தை உணர்ந்தவர்கள். பாடத்திட்டத்துக்கு முன் பாதுகாப்பான ஓர் அறை வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகளை நகரத்துக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோரின் அச்சம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. அகப்பாடல்களில் மகள் சென்ற வழியைத் தேடி அலையும் செவிலியும், வெறுமையான முற்றத்தில் நின்று புலம்பும் நற்றாயும் இன்னும் வீடுகளில் வாழ்கின்றனர். மகள் தானாகப் புறப்பட்டால் அது உடன்போக்காகவே முடியும் என்னும் எண்ணம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. சாதி மதில் உயர்ந்த ஊர்களில் அவ்வச்சம் மகளின் படிப்பையே நிறுத்திவிடுகின்றது. 'எங்கே தங்குவாய்?' என்று தந்தை கேட்கும் கேள்விக்குள் 'எவரோடு போய்விடுவாய்?' என்னும் கேள்வி ஒளிந்திருப்பதை மகள் அறிவாள். விடுதியின் முகவரி முன்கேள்விக்கு விடையாகும். பின்கேள்விக்கோ நம்பிக்கை ஒன்றே விடை. அபயம் என்பதன் நேர்ப்பொருள் அஞ்சாமை. மகள் அஞ்சாதிருக்க இடமும், பெற்றோர் அஞ்சாதிருக்க மனமும் சேர்ந்து கிடைத்தாலன்றி அடைக்கலம் நிறைவுறாது.

6. கல்விக் கொடை

சாத்திர தானம் என்பது ஏடெழுதிக் கொடுத்தலையும் குறிக்கும். சமணர் இல்லங்களிலும் மடங்களிலும் நூல்களைப் படியெடுத்து வழங்குதல் புண்ணியச் செயலாகப் போற்றப்பட்டது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி அழியாது நின்றமைக்கு அதுவும் ஒரு காரணம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய் சம்பளத்தில் தமிழாசிரியராய் அமர்ந்த உ.வே.சா.வைச் சேலம் இராமசாமி முதலியார் அந்நூலின்பால் திருப்பினார். பொருள் விளங்காத இடங்களில் அவர் நாடியது கும்பகோணத்துச் சமண அன்பர்களை. தாம் வழிவழியாகக் கேட்டறிந்ததை அவர்கள் மனமுவந்து எடுத்துரைத்தனர். 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. கல்லூரி படித்தவரின் அறிவும், கல்லூரி காணாதோர் காத்து வைத்த அறிவும் சந்தித்ததன் பயன் அது.

அக்காப்பியத்தின் தலைவனும் சுடுகாட்டில் பிறந்து, கந்துக்கடன் வீட்டில் அடைக்கலம் பெற்று, அச்சணந்தியாரிடம் கல்வி பெற்றவனே. பிறர் கொடையால் வளர்ந்த பிள்ளையையே தேவர் காப்பியத் தலைவனாக்கினார்.

இன்றைய கல்விக் கொடை இரு வகைப்படும். ஒன்று பொருள். 1950களில் இராமேசுவரத்து அப்துல் கலாமுக்குச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தபொழுது, சேர்க்கைக்குரிய தொகைக்காகத் தமக்கை சொகரா தம் பொன்வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதை நாடறியும். அத்தமக்கையைப் போற்றுவது தகும். அதே வேளையில், சங்கிலி கொடுத்தவளும் ஒரு காலத்தில் பதினேழு வயதினளாய் இருந்தாள் என்பதை நினைப்பதும் தகும். தம்பியின் ஓதற்பிரிவுக்குத் தமக்கையர் பொன் கொடுத்த காலம் நெடியது. தமக்கையின் பிரிவுக்குத் தம்பியர் கொடுக்கும் காலம் இப்பொழுதுதான் தொடங்குகின்றது.

மற்றொரு வகை, வழி சொல்லுதல். எந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்லும், எச்சான்றிதழை எந்த நாளுக்குள் பெற வேண்டும், கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எவ்வரிசையில் எழுத வேண்டும் என்பவை நகரத்துப் படித்த குடும்பங்களில் உணவு மேசைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதல் தலைமுறையாகக் கல்லூரி காணும் வீட்டில் இவற்றைச் சொல்ல ஆளில்லை. கணினி மையத்துத் தம்பி தட்டச்சு செய்ததே விதியாகிவிடுகின்றது. மதிப்பெண் குறைவால் இழக்கும் இடத்தைவிட, சொல்வார் இன்றி இழக்கும் இடம் கொடியது. இழந்ததை அந்தப் பிள்ளை அறியவே மாட்டாள்.

தமிழ் வழியில் பயின்றோர்க்கு நகரத்துக் கல்லூரியில் முதல் ஆண்டு பெருஞ்சோதனை. வகுப்பில் ஆங்கிலம் பேசத் தெரியாமையை அறியாமையாக எண்ணித் தலைகுனிவர். மொழி ஒரு திறன், பழகினால் வரும். சிந்திக்கும் ஆற்றலைத் தமிழிலேயே பெற்று வந்துள்ளாய் என்று அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய கடமை தமிழ் கற்றோர்க்கு உண்டு.

7. கவிஞர் கடன்

ஊர்விட்டு நகரம் சென்றோரைப் பற்றி இக்காலக் கவிதைகள் நிறையவே பேசுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இழந்த கிணற்றையும் வேப்பமரத்தையும் எண்ணி ஏங்குபவை. அவ்வேக்கம் பொய்யன்று. ஆயினும் அது சென்று சேர்ந்து, வேலை பெற்று, வாடகை கொடுத்து, ஓய்ந்தமர்ந்த பின் எழும் குரல். புறப்படுவதற்கு முந்திய இரவின் குரல் கவிதையில் கேட்கவில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பேருந்துக் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கும் மாணவியின் அகம் பாடப்படவில்லை. தொல்காப்பியர் முதலிடம் தந்து, சங்கப் புலவர் கைவிட்ட ஓதற்பிரிவு இன்னும் கவிஞரை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றது. அத்துறைக்கு இனித் தலைவியே உரியவள். அவள் செல்லும் சுரம் திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதை. அவளுக்குரிய தோழி விடுதி அறையைப் பகிர்பவள். வாயிலில் நிற்கும் நற்றாய்க்கும் புலம்பலைத் தவிர வேறு சொற்கள் வேண்டும்.

பிரிவு என்றால் மீட்சியும் உண்டு என்பதே அகமரபு. மேல்சித்தாமூரைச் சூழ்ந்த ஊர்களின் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, கல்வியாலும் வேலையாலும் சென்னை முதலிய நகரங்களில் குடியேறியுள்ளன. திருவிழா நாள்களில் அவர்கள் தேர்வடம் பிடிக்க வருகின்றனர். வருவோர் தேருக்கு மட்டும் கை கொடுத்துத் திரும்பாமல், அடுத்த ஆண்டு புறப்படவிருக்கும் பிள்ளைக்கும் கை கொடுத்துத் திரும்பினால் அது முழுமையான மீட்சியாகும்.

இலக்கிய வட்டத்தில் ஆசிரியர் உண்டு, அலுவலர் உண்டு, மருத்துவர் உண்டு, நகரத்தில் வீடுடையோர் உண்டு. பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தவர்கள், பதினோராம் ஆண்டில் இன்னொன்றையும் மேற்கொள்ளலாம். தேர்வு முடிவு வெளிவரும் திங்களில் ஒரு கூட்டத்தைக் கவிதைக்கு ஒதுக்காமல் விண்ணப்பத்துக்கு ஒதுக்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் பெயரைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். நல்ல விடுதியின் முகவரியைச் சொல்வது, காய்ச்சல் என்றால் பார்த்துவரச் செல்வது, இராமசாமி ஐயர் எழுதியது போல ஓர் அறிமுகக் கடிதம் எழுதுவது, படித்து முடித்த பாடநூலைக் கொடுப்பது என்பவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டா. நால்வகைத் தானம் செல்வர்க்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று.

உ.வே.சா. மாயூரம் சென்றபொழுது பதினாறு வயது. முதல் வேலை பெற்றபொழுது இருபத்தைந்து. 1903இல் மாநிலக் கல்லூரி ஆசிரியராய்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தபொழுது நாற்பத்தெட்டு. கல்வி, வேலை, நகரம் என்னும் மூன்றும் கைகூட அவருக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றைய பிள்ளை அவற்றை ஆறேழு ஆண்டுக்குள் அடையத் திட்டமிடுகின்றாள். அத்துணிவை வாழ்த்துவோம். வாழ்த்துவதற்கு முன், மாயூரத்தில் மகாவித்துவான் கேட்ட கேள்வியை ஒவ்வொருவரும் அவளிடம் கேட்போம்: உன் உணவுக்கு என்ன ஏற்பாடு, அம்மா?